உர்சுலா எழுதியது

"கண்ணாடிய மாட்டிவிடவா, வேண்டாமா?"

சவப்பெட்டிக்கு மேல் குனிந்தபடியே துரைசாமி கேட்டார். மாதா கோயில் சபைக்காரர். சாவு வீடு என்றால் முன்னால் வந்து நின்று எல்லாவற்றையும் எடுத்துச் செய்கிறவர்.

உர்சுலா புருஷனின் மூக்கைப் பார்த்தாள். முப்பது வருஷமாகக் கண்ணாடி உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமை, துறைமுகத்துக் கிடங்கில் சரக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த ஆம்ப்ரோஸ் அப்படியே மேசைமேல் தலையைச் சாய்த்துவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லையாம்.

"தூங்கும்போது கழட்டி வச்சிருவாரு," என்றாள்.

"அப்ப வேணாம்." துரைசாமி கண்ணாடியை மடித்து அவள் கையில் கொடுத்தார். "மூணு மணிக்கு மூடுறோம் தங்கச்சி. கோயில்ல பூசை முடிச்சு, சுவா சூ காங் கல்லறைக்குப் போய்ச் சேரணும். சாமியார் நேரம் பார்க்கிறவரு."

சிங்கப்பூர் கிளமெண்டியில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் எல்லாம் நடந்தது. நீலத் தார்ப்பாய், மடக்கு நாற்காலிகள், தட்டில் கச்சான் கடலை, பொட்டலங்களில் இனிப்புப் பானம். செபமாலை சொல்லி முடித்த பெண்கள் தூணோரம் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். நல்ல மனுஷன். அதிர்ந்து பேசமாட்டார். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. உர்சுலாவும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

இரண்டே கால் மணிக்கு பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்த முகைதீன் பாயை அவளுக்குத் தெரியும். சிராங்கூன் ரோட்டில் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் அவள் தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போவாள், ஆம்ப்ரோஸோ பாயின் கடைக்குப் போவார். ஒரு மணி நேரம் கழித்துக் கையில் ஏதாவது ஒரு புத்தகத்தோடு வருவார். மற்ற இரண்டு பேரை அவள் பார்த்ததில்லை. பஸ் டிரைவர் சட்டை போட்ட உயரமான ஆள் ஒருவர். வெள்ளைச் சேலையும் தாதியர் போடும் வெள்ளைச் சப்பாத்துமாக ஒரு பெண்.

அந்த இரண்டு பேரும் பெட்டியின் பக்கம் போய்க் கையைக் கூப்பினார்கள். அரை நிமிஷம் இருக்குமோ என்னவோ. திரும்பி நேராக உர்சுலாவிடம் வந்தார்கள். வந்த வேகத்தில் அந்தப் பெண் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் மிஸ்ஸி."

மிஸ்ஸி என்றால் தாதி; ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள் என்று உர்சுலா நினைத்தாள். "அவரு ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லையேம்மா."

"நோட்டுல எழுதுற மிஸ்ஸிக்கா. சிவகாமசுந்தரி. இவருதான் கேலாங் வேலன்."

"வேலாயுதம்," என்றார் அந்த ஆள். பெரிய உடம்பை நாற்காலியில் அடக்கி உட்கார்ந்தார். "பேப்பர்ல அறிவிப்பு பார்த்தேங்க்கா. மனைவி உர்சுலா, கிளமெண்டின்னு போட்டிருந்துச்சு. கிளமெண்டில எத்தன உர்சுலா இருக்கப் போறாங்க? பாய் கடைக்கு ஓடுறேன், அங்க இவங்க நின்னு அழுதுகிட்டிருக்காங்க. ஆறு வருஷமா ஒரே நோட்டுல எழுதுறோம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தது இன்னிக்குத்தான்."

முகைதீன் பாய் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உர்சுலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிவகாமசுந்தரி பையிலிருந்து ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். மூலையில் ஓட்டை போட்டுச் சணல் கயிறு கோத்திருந்தது. பாய் கடையில், வாரப் பத்திரிகைகளுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் நோட்டு அது. வருகிறவர்கள் படித்த புத்தகத்தைப் பற்றி எழுதுவார்கள். நல்ல கட்டுரை கண்ணில் பட்டால் வெட்டி ஒட்டுவார்கள். இதைப் படியுங்கள், அதை விட்டுவிடாதீர்கள் என்று சொல்வார்கள். அடுத்த வாரம் வேறொருவர் வந்து அதற்குக் கீழே பதில் எழுதிவிட்டுப் போவார். ஆளுக்கு ஒரு நேரம் வருவதால் யாரும் யாரையும் சந்தித்ததில்லை.

நோட்டு திறந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற மகள் பிரிஜட் எட்டிப் பார்த்தாள். பார்த்தவுடன் அவள் முகம் மாறியது.

"மம்மி, கொஞ்சம் வாங்க." தூணுக்குப் பின்னால் அம்மாவை இழுத்துக்கொண்டு போனாள். "அது டாடி கையெழுத்து. கீழ உங்க பேர் போட்டிருக்கு. டாடி பொம்பள பேர்ல எழுதியிருக்காரு. இவங்க உங்களத்தான் நெனச்சுகிட்டு வந்திருக்காங்க. ஒண்ணும் சொல்லிராதீங்க ப்ளீஸ். எல்லாரும் சிரிப்பாங்க. ரொம்ப எம்பாரசிங்லா."

பின்னாலேயே வந்த முகைதீன் பாய் தொண்டையைச் செருமினார்.

"மன்னிச்சிருங்கம்மா. ஆம்பளைங்க பொண்டாட்டி பேருல எழுதுறது நம்ம பத்திரிகையிலெல்லாம் நடக்கிறதுதானே. இவரும் வெளையாட்டா ஆரம்பிச்சாரு. அப்புறம் இவங்க அக்கா அக்கான்னு எழுத ஆரம்பிச்சிட்டாங்க. உள்ளதச் சொல்லிருங்க ஆம்ப்ரோஸ்னு எத்தன தடவ சொன்னேன். ஆறு வருஷம் அக்காவா இருந்துட்டு இப்ப திடீர்னு மீச மொளைக்க வைக்கிறது எப்படி பாய்னாரு."

உர்சுலா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் படிக்கமாட்டாருன்னு எழுதுவீங்க," என்றார் வேலாயுதம். பெட்டியின் பக்கம் மரியாதையாக ஒரு பார்வை. "ஆனா நீங்க கதையப் படிச்சுக் காட்டக் காட்ட, வெங்காயம் உரிச்சுகிட்டே கேப்பாருன்னு எழுதியிருந்தீங்க. அப்படி ஒரு புருஷன் கெடைக்கிறது பெரிசுதான்க்கா. என் பொண்டாட்டி கேட்டா என்னைய உரிச்சிருவா."

"அந்த நாவலப் பத்தி எழுதியிருந்தீங்களே," என்றாள் சிவகாமசுந்தரி. "அந்த மாமியாக்காரி கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல, தொறந்திருந்தா ரெண்டாம் அத்தியாயத்துலயே கதை முடிஞ்சிருக்கும், அவ வாய மூடி வச்சே எழுத்தாளர் முந்நூறு பக்கம் ஓட்டிட்டாருன்னு. வார்டுல தனியா உட்கார்ந்து சிரிச்சேன்க்கா. அப்புறம் அந்த மாமியாளுக்காகவே தேடிப் படிச்சேன்."

அது உர்சுலா சொன்னது. மீன் செதில் சீவிக்கொண்டிருந்த ஒரு மாலை நேரத்தில், அடுப்படியில், கத்தியை ஆட்டி ஆட்டிச் சொன்னது. சொன்னதையே மறந்துபோயிருந்தாள். வேலை முடிந்து வந்ததும் ஆம்ப்ரோஸ் அடுப்படி வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிப்பார். வானம், மரம், மழை என்று தொடங்கினால் அவளுக்குப் பொறுக்காது. "மழையெல்லாம் கெடக்கட்டும். அவ என்ன கேட்டா, அவன் என்ன சொன்னான், அத மட்டும் படிங்க," என்பாள். அவரும் பேச்சை மட்டும் தேடித் தேடி, ஆணுக்கு ஒரு குரல் பெண்ணுக்கு ஒரு குரலாகப் படித்துக் காட்டுவார். ஊரில் யாரிடமும் அதிர்ந்து பேசாத மனுஷன் அந்த முக்காலியில் உட்கார்ந்து சண்டை போடுவார், கெஞ்சுவார், கோர்ட்டில் வாதாடுவார். அவள் கை வேலையை விடாமல் பதில் சொல்வாள். அவன் பொய் சொல்றான். அவ சொன்னது நியாயம்தான். வெங்காயம் உரித்தது அவள்தான்.

சிவகாமசுந்தரி ஒரு பேனாவை நோட்டின்மேல் வைத்தாள். "இன்னிக்கி வேணாம்க்கா. மனசு ஆறினதும் ஒரு நாலு வரி எழுதுங்க. நீங்க எழுதலன்னா நோட்டு நின்னு போயிரும். நாங்க வர்றதே உங்களுக்காகத்தான்."

இரண்டு நாளாக அவளிடம் வந்தவர்களெல்லாம் பாவம் என்றார்கள். இவர்கள் மட்டும்தான் அவளைத் தேடிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆறு வருஷமாக அவள் சொன்னதை ஏந்தி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சரிம்மா, எழுதுறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிரிஜட்டுக்கும் மானம் தப்பும், இவர்களுக்கும் அக்கா இருப்பாள். தனக்கும் அது பிடித்திருக்கிறது என்பதை உணர்ந்தபோது உர்சுலாவுக்குக் கூச்சமாக இருந்தது.

துரைசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மூடியைத் தூக்க ஆள் தேடினார்.

அரை நிமிஷம், என்று நினைத்தாள் உர்சுலா. அவருக்கு இவர்கள் கொடுத்தது அரை நிமிஷம். வீட்டுக்கு வெளியே அவரோடு மனம்விட்டுப் பேசிய இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவரை அக்கா புருஷன் என்று கும்பிட்டுவிட்டுப் போகப் போகிறார்கள்.

"துரைசாமி அண்ணே, கொஞ்சம் பொறுங்க."

"மணி ஆயிருச்சு தங்கச்சி."

"தெரியும்ண்ணே. பொறுங்க."

நோட்டை மூடி சிவகாமசுந்தரியிடம் நீட்டினாள்.

"எனக்குத் தமிழ் எழுத வராதும்மா. நான் கான்வென்ட்ல இங்கிலீஷ் படிச்சவ. செபப் புத்தகத்தையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். வேலாயுதம் முகைதீன் பாயைத் திரும்பிப் பார்த்தார். பாய் மெல்லத் தலையை ஆட்டினார்.

"அப்ப இதெல்லாம்?" என்றாள் சிவகாமசுந்தரி.

"படிச்சது அவரு. எழுதினது அவரு. அவரு படிக்கும்போது நான் வாயாடினதையும் சேத்து எழுதியிருக்காரு, அது எனக்கே இப்பத்தான் தெரியுது. பேரு என்னோடதுதான். ஆனா நீங்க பார்க்க வந்த ஆளு அங்க படுத்திருக்காரு." பெட்டியைக் கை காட்டினாள். "நீங்க அவரச் சரியாப் பார்க்கல. போய்ப் பாருங்க."

பிரிஜட் தரையைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. தூணோரம் பேசிக்கொண்டிருந்த பெண்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

சிவகாமசுந்தரி முதலில் எழுந்தாள். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டியின் கால்மாட்டில் போய் நின்றாள். முகத்துக்கு நேராகப் போக அவளால் முடியவில்லை போல. வேலாயுதம் நிதானமாக நடந்து தலைமாட்டுக்குப் போனார். இந்தத் தடவை கையைக் கூப்பவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பல நாளாகத் தேடிய ஒருவரைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். நெற்றி, மூக்கு, நரைத்த மீசை.

"அக்கா," என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் மாற்றிச் சொல்லவில்லை.

"அக்கா, வேலன் வந்திருக்கேன். போன வாரம் ஒட்டியிருந்தீங்களே, அந்தக் கட்டுரைய ரெண்டு தடவ படிச்சிட்டேன். பாதி விளங்குச்சு. மீதிய எப்படிப் படிக்கிறதுன்னு கேக்கணும்னுதான்..."

மூடியை ஒரு பக்கம் தூக்கியிருந்த துரைசாமி, அதைத் திரும்ப மெதுவாகத் தூணில் சாய்த்து வைத்தார்.