காய்ச்சலை மறைத்தவள்

சப்பாத்திக் கட்டை முதலில் அபிராமியின் முழங்கையில் விழுந்தது. அடுத்தது தோளில். மூன்றாவது அடிக்கு அவள் குனிந்துகொண்டதில் ஊறுகாய் ஜாடி நொறுங்கி, எண்ணெய் தரையெல்லாம் ஓடியது. அடித்தவன் அச்சுதன், அவளைக் கட்டியவன். ஆட்டோக்காரன் காலை மிதித்தால்கூடத் தானே மன்னிப்புக் கேட்கிற பிறவி. அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். மோதி பாக் அரசுக் குவார்ட்டர்ஸில் இருபது வருஷமாகப் பக்கத்து வீட்டுக்குக்கூட அவன் குரல் கேட்டதில்லை. இந்த ஒன்பது நாளில் காலனிக்கே கேட்டுவிட்டது.

"டீயில என்னத்தைக் கலக்குற? சொல்லுடி!"

ஐந்து நிமிஷம்தான். வெறி அடங்கி, அந்த எண்ணெயிலேயே சுருண்டு படுத்துக்கொண்டான். அபிராமி நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்தாள், உடம்பைத் துடைத்தாள், சவரம் செய்தாள், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினாள். தனக்கு முழுக்கை ரவிக்கை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்.

அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் 'காய்ச்சல் இல்லை, மனநோய்' என்று எழுதித் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இன்றைக்கும் குணம் தெரியாவிட்டால் பூட்டிய வார்டில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வார்டுக்குள் போனவனை வெளியே கொண்டுவருவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

கரோல் பாகிலிருந்து அவளுடைய அண்ணன் ராமச்சந்திரன் வந்து வாசலில் நின்றார்.

"கன்னத்துல என்ன?"

"கதவு இடிச்சிடுச்சுண்ணா."

"கதவுக்கு அஞ்சு விரலா இருக்கு? இன்னிக்கு வார்டுல போட்டா சரி. இல்லேன்னா நேரா போலீஸ்தான். எழுதிக் குடுத்துட்டு உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

ஆஸ்பத்திரியில் அவர்கள் நம்பர் எண்பத்து நான்கு. டாக்டர் ரவுண்ட்ஸ் போனார், வந்தார், மறுபடி போனார். மதியம் ஒரு மணி ஆயிற்று. காலை ஆறரைக்குக் கொடுத்த மாத்திரை அதுவரைக்குமா தாங்கும்?

அச்சுதன் எழுந்தான். அபிராமியின் கழுத்தைப் பிடித்து, தலையைச் சுவரில் மோதினான். ஒன்று, இரண்டு. விலக்க வந்த ராமச்சந்திரனின் வாயில் விழுந்த குத்தில் பல் தெறித்து ரத்தம் சட்டையில் வழிந்தது. வரிசை சிதறி ஓடியது. காவலாளி லாட்டியால் அச்சுதனின் முழங்காலில் ஓங்கிப் போட்டான். எலும்பில் பட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"மாரோ மத், பையா!" தரையில் கிடந்தபடி அபிராமி அலறினாள். "ஐயோ, அவரை அடிக்காதீங்க!"

நான்கு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். ஊசியோடு ஓடி வந்த சின்ன வயது டாக்டர் சுபாஷிணி அவன் கையைப் பிடித்ததும் நின்றுவிட்டாள்.

"நெருப்பா கொதிக்குது. சீட்டுல ரெண்டு தடவையும் காய்ச்சல் இல்லைன்னு இருக்கே?"

"காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்லைங்க," என்றாள் அபிராமி. வாய் தானாகச் சொன்னது.

"அம்மா, இப்ப மறைச்சா இவர் பிழைக்க மாட்டார்."

அபிராமி கைப்பையைத் திறந்து, காலியான மாத்திரை அட்டைகளை எடுத்து நீட்டினாள். பெரிய அதிகாரிக்குப் போகிற ஃபைலில் ஒரு கிறுக்கல் இருக்கக் கூடாது, ஒரு கறை படக் கூடாது என்று ராத்திரி உட்கார்ந்து திரும்ப எழுதுகிற மனுஷன் அவன். அவனை டாக்டரிடம் காட்டும்போது மட்டும் வியர்த்து விறுவிறுத்த கோலத்தில் கூட்டிவர அவளுக்கு மனம் வரவில்லை. சுத்தமாக்கிக் கூட்டிவந்தாள். நோயையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள், புத்திசாலி!

"காய்ச்சல் ஏறினாத்தான் அடிப்பாருங்க," என்று தேம்பினாள். "ஒவ்வொரு தடவையும்."

அன்றே முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூன்றாம் நாள் சுபாஷிணி அவளை உட்காரவைத்துச் சொன்னாள். "நோயை எதிர்க்கிற செல்கள் ஒண்ணுக்கொண்ணு ரசாயனத்தாலதான் சேதி அனுப்பும். ஆபத்து, ஆபத்துன்னு. இவரோட எதிர்ப்புச் சக்தி இவர் மூளையையே எதிரின்னு நினைச்சிருச்சு. அந்தச் சேதி அங்க கொட்டிக் கிடக்கு. மூளை செல்கள் பேசிக்கிற இடத்துல அது புகுந்துடுச்சு. மெல்லச் சொன்னது கத்தலாக் கேக்கும். 'பொறு'ன்னு சொல்ற செல்லோட பேச்சு எடுபடாது. நீங்க டீயை நீட்டினா இவருக்கு அது விஷம்."

"அப்ப அடிச்சது இவரில்லையா?"

"நோய்தாம்மா. ஆனா வலிச்சது உங்களுக்குத்தானே? கையைக் காட்டுங்க."

முழங்கை எலும்பில் விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து ஏறிய இரண்டாவது வாரம் அச்சுதன் அவள் பெயரைச் சொன்னான். நான்காவது வாரம் வீட்டுக்கு வந்தான், முழங்காலை இழுத்து இழுத்து நடந்து. அந்த நாட்களில் ஒன்றுகூட அவனுக்கு ஞாபகமில்லை. கட்டு எதற்கு என்று கேட்டான். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அண்ணனிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். பட்டும் அவளுக்குப் புத்தி வரவில்லை.

மறுநாள் காலை ஒற்றைக் கையால் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பின்னால் அச்சுதன் வந்தான். "நகரு, சப்பாத்தியை நான் இடறேன்." அவள் தலைக்கு மேல் கையை நீட்டி, அலமாரியிலிருந்த சப்பாத்திக் கட்டையை எடுத்தான்.

அபிராமி எதையும் யோசிக்கவில்லை. தரையில் விழுந்து, கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒடுங்கினாள். "வேணாங்க, வேணாங்க," என்று அவள் வாய் முனகியது.

அச்சுதன் கையிலிருந்த கட்டையைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான்.

கட்டையைத் தரையில் வைத்து, காலால் எட்டத் தள்ளினான். வலிக்கிற முழங்காலை மடக்கி வாசற்படி ஓரமாக உட்கார்ந்தான். கிட்டே வரவில்லை.

"அபிராமி, நான்தானா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எத்தனை தடவை? ஒண்ணு விடாம சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். இந்தத் தடவை எதையும் துடைக்கவில்லை.