மூன்றாவது பெயர்

2024 ஓகஸ்ட் 17, சனிக்கிழமை. மட்டக்களப்பு நகரில் வாவிக்கரையோர மண்டபம் ஒன்றில், தடுப்புக்காவலில் நடக்கும் சித்திரவதைக்குப் புலனாய்வுப் பிரிவினர் பொறுப்புக்கூறுவது பற்றிய பொதுக் கலந்துரையாடல் பிற்பகல் மூன்று மணிக்கு ஆரம்பமாவதாக இருந்தது. அறிவித்தலில் ஒரு சட்டத்தரணியின் பெயரும் ஒரு விரிவுரையாளரின் பெயரும் இருந்தன. அடியில் ‘பாதிக்கப்பட்ட ஒருவரும் பேசுவார்’ என்று மட்டும் போட்டிருந்தது.

அந்த ஒருவர் ஏறாவூர் உசனார். 2019இல் புலனாய்வுப் பிரிவினர் அவரைப் பிடித்துப் போய்ப் பதினான்கு மாதம் வைத்திருந்து, வழக்கு எதுவும் போடாமல் விட்டார்கள். உள்ளே நடந்ததை அவர் மனைவி ஸஹீதாவிடம்கூடச் சொன்னதில்லை. கூட்டத்தை ஒழுங்குசெய்த உதயரூபன் ஏறாவூருக்கு நடையாய் நடந்துதான் அவரைச் சம்மதிக்க வைத்திருந்தார். உசனார் கேட்டது ஒன்றே ஒன்று: மேடையேறும் வரைக்கும் பெயர் வெளியே வரக்கூடாது.

மண்டபத்தில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வதனி, உதயரூபனோடு வேலை செய்பவள், பின்வரிசையை அவருக்குக் கண்ணால் காட்டினாள்.

“உங்கட விருந்தாளி வந்திட்டார். வழமை போல சீனி கூடவா?”

“போடு, போடு. சந்தா கட்டாத அங்கத்தவர் அவர்தானே.”

பின்வரிசையில் இருந்தவர் நிதுர்ஷன், புலனாய்வுப் பிரிவுக்காரர். நகரில் எந்தக் கூட்டமென்றாலும் வருவார், படம் எடுப்பார். அதற்கு முன்பே உதயரூபனுக்குப் போன் எடுத்து, யார் யார் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வார். சொல்லாவிட்டால் மண்டபக்காரருக்கு ஒரு போன் போகும், கூட்டம் நின்றுவிடும். அதனால் உதயரூபன் சொல்லிவிடுவார். பல வருடமாக அப்படித்தான். வியாழக்கிழமையும் கல்லடிப் பாலத்தருகே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, போனில், கடைக்குச் சாமான் சொல்வது போல மூன்று பெயரையும் வரிசையாகச் சொல்லியிருந்தார். மூன்றாவதைச் சொன்ன பிறகும் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

மூன்று மணி கழிந்து உசனார் வந்தார். வாசலைத் தாண்டவில்லை. உதயரூபன் ஓடிப்போனார்.

“உள்ள வாங்க காக்கா. சனமெல்லாம் ஒங்களத்தான் பாத்திட்டிருக்கு.”

“பேச வரல்ல தம்பி. போன்ல செல்லிட்டு விடுறது மரியாத இல்ல, அதான் வந்த.”

“ஏன் காக்கா, என்ன நடந்த?”

“நேத்து ஜும்ஆ முடிஞ்சு வாறன், வீட்டுல ரெண்டு பேர் குந்திட்டிரிக்காங்க. நல்ல மரியாதயாத்தான் கதச்சாங்க. ‘நாளைக்குப் பேசுறீங்களாம், மூணாவது ஆளாமே’ எண்டாங்க. நான் பேசப்போறன் எண்டதே ஸஹீதாக்கு அப்பதான் தெரியும்.” உசனார் அவரை நேராகப் பார்த்தார். “எத்தினையாவது ஆள் எண்டு நீங்க எனக்கே செல்லல்லயே தம்பி.”

உதயரூபன் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அது… எல்லாக் கூட்டத்துக்கும் கேக்கிறதான் காக்கா. குடுக்காட்டி மண்டபம் தர மாட்டாங்க…”

“நீங்களா?”

உசனார் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

“என்னட்டயும் பேர்தான் கேட்டாங்க. பதினாலு மாசம். தலகீழாக் கட்டித் தூக்கிட்டுக் கேட்டாங்க. நான் ஒரு பேரும் குடுக்கல்ல.”

வெயிலில் நின்ற ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

நடந்ததைச் சொல்லிவிடுவதென்றுதான் உதயரூபன் ஒலிவாங்கியைப் பிடித்தார். பின்வரிசையில் நிதுர்ஷன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தெரிந்தவரைக் கண்ட மாதிரி அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

“மூன்றாவது பேச்சாளரால் தவிர்க்க முடியாத காரணத்தால் வர முடியவில்லை,” என்றார் உதயரூபன். வாசலில் நடந்ததைப் பார்த்திருந்த வதனி, கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவத் தொடங்கினாள்.

பொறுப்புக்கூறலை வலியுறுத்தும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. உயர்ந்த கைகளில் உதயரூபனுடையதும் ஒன்று.

ஒக்டோபரில் அடுத்த கூட்டம். அதற்கு முந்திய கிழமையே நிதுர்ஷன் போன் எடுத்தார்.

“அண்ணன், இந்த முறை ஆரார் பேசுறாங்க?”

உதயரூபன் சொல்லவில்லை. மறுநாள், மண்டபத்தில் திருத்த வேலை நடக்கப் போவதாக மண்டபக்காரர் அறிவித்தார். கூட்டம் நடக்கவில்லை.