கோணக்கொம்புக் கிடாவுக்குப் பெயர் எதற்கு

மகப்பேற்று மருத்துவர் ஜூராகான் அந்த வசந்தத்தில் எத்தனையாவது முறையாகக் கால்நடை அலுவலகத்தின் மர நாற்காலியில் வந்து அமர்ந்திருக்கிறார் என்பதை அந்த நாற்காலிதான் சொல்ல வேண்டும். எதிரே கால்நடை மருத்துவர் ஒமுர்சாக் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் குடித்து முடிப்பதற்குள் மலையில் பனி முழுவதும் உருகிவிடும் போலிருந்தது.

"பைக்கே, உங்ககிட்ட ஆட்ட கேக்கல, மாட்ட கேக்கல. எந்த மந்தையில நோய் இருக்குன்னுதான் கேக்கறேன்" என்றார் ஜூராகான். தம்மைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் முறை வைத்துத்தான் பேசுவது வழக்கம். ஆனால் இன்று அந்த 'பைக்கே'யில் பல்லைக் கடிக்கும் ஓசையும் கலந்திருந்தது.

"தங்கச்சி, சொன்னதையே எத்தன தரம் சொல்றது? பேர் இந்தக் கதவத் தாண்டாதுன்னு வாக்குக் குடுத்துதான் ஒவ்வொரு மந்தையிலயும் ரத்தம் எடுத்தேன்."

"பேர வாங்கி நான் என்ன, ஊறுகாயா போடப்போறேன்?"

"ரெண்டு வருஷம் முன்னாடியும் இப்படித்தான் ஒருத்தர் கேட்டாரு. குடுத்தேன். அடுத்த சந்தையில அந்தக் கிராமத்து ஆட்ட நாய்கூட மோந்து பாக்கல. அப்பறம் என் வண்டிச் சத்தம் கேட்டாலே மந்தைய ஓட்டிக்கிட்டு மலைக்குப் பின்னாடி ஒளிய ஆரம்பிச்சிட்டாங்க. நீ வேணா உன் நோயாளிங்க பேரக் குடு. எந்த வீடுன்னு நானே பாத்துக்கறேன்."

"நல்லாருக்கே! வயித்துல இருந்தது போச்சுன்னு மாமியாருக்கே சொல்லாத பொண்ணுங்க எங்கிட்ட சொல்லிருக்காங்க. அத உங்க மேசையில கொண்டுவந்து கொட்டவா?"

நோய் புதியதன்று. ஆட்டிலிருந்து காய்ச்சாத பாலிலும் புதுப் பாலாடையிலும் ஏறி வரும்; குட்டி ஈனும் ஆட்டுக்குக் கைகொடுப்பவரின் கைவழியாகவும் வரும். ஆண்களுக்கு எலும்பெல்லாம் குடைச்சல் கொடுக்கும். கருவுற்ற பெண்ணுக்கு வந்தால் கருவைக் கலைத்துவிடும். குளிர்காலம் தொட்டே ஜூராகானின் மருத்துவமனைக்கு அப்படிப்பட்ட பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள் என்றால் எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டிய தலை நிற்பதற்குள் பச்சைப் பாலைக் குடித்தார்கள்.

அவர்களுள் ஜூராகானுக்குப் பெருங்கவலை மேரிம் என்பவளைப் பற்றித்தான். போன ஆண்டு ஒரு கரு கலைந்ததைப் புகுந்த வீட்டில் குளிர்க் காய்ச்சல் என்று சொல்லி மறைத்தவள். இப்போது மீண்டும் ஐந்து மாதம். மாலையானால் இலேசாகக் காய்ச்சல். மருந்து தொடங்கியாயிற்று. அதை நிறுத்தாமல் கண்ணெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். சில நாள்களில் மந்தைகள் மலை மேய்ச்சலுக்கு ஏறிவிடும். மருமகளும் ஏறுவாள். அதன்பின் தொலைபேசியும் எட்டாது, மருந்தும் எட்டாது.

"ஒரு கத சொல்றேன், கேளுங்க" என்றார் ஜூராகான். "வளையில இருக்குமே மலையணில், அதுல ரெண்டு பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சாம். ஒண்ணோட வாசல்லேர்ந்து பாத்தா கழுகு தெரியும், இன்னொண்ணு வாசல்லேர்ந்து பாத்தா நரி தெரியும். 'நான் பாத்தது என் ரகசியம்'னு ரெண்டும் வாய மூடிக்கிச்சாம். குளிர்காலத்துல ரெண்டு தோலும் ஒரே வீட்டுச் சுவத்துல தொங்குச்சாம்."

ஒமுர்சாக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கத நல்லாத்தான் இருக்கு. ஆனா மலையணில் பேசாது தங்கச்சி, விசிலடிக்கும். பக்கத்து வளைக்குன்னு அடிச்சா அது நரிக்கும் கேக்கும். அதுக்கு என்ன வழி சொல்ற?"

ஜூராகான் எரிச்சலோடு கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

அந்த வழி தம்மிடம் இருப்பதாக மாவட்டத் துணைத் தலைவர் சத்கின்பெக் நம்பினார். எதற்கும் ஒரு கூட்டம் போட்டால் தீர்ந்துவிடும் என்பது அவர் எண்ணம். "பேர மட்டும் கருப்பு மையால அடிச்சிட்டு ரெண்டு பேரும் பட்டியலக் கொண்டுவாங்க. இது ஒரு பிரச்சனையா?" என்று தொலைபேசியில் சிரித்தார். தலைநகரத்துச் சட்டமும் அதைத்தான் சொல்கிறதாம். எனவே திங்கட்கிழமை காலை இருவரும் அவர் அறைக்குப் போனார்கள்; ஒமுர்சாக் தம் பட்டியலை விரித்தார். உரிமையாளர் பெயர்கள்மீது கருப்பு மை கெட்டியாகப் பூசியிருந்தது. பூசிய கையிலும் பாதி ஒட்டியிருந்தது.

சத்கின்பெக் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். "சாம்பல் கிடா, வலக்கொம்பு கோணல், இடக்காதுல ரெண்டு வெட்டு..." நிறுத்தினார். முகம் மலர்ந்தது. "அட, இது பெய்ஷெனாலியோடதுல்ல! போன விருந்துல என்னப் பின்னாடியிருந்து முட்டித் தள்ளுனதே இந்தக் கொம்புதான்!"

"அப்படியா பைக்கே, காட்டுங்க" என்று அவருடைய ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "ஆமா, அதேதான். கீழ இருக்கே, நெத்தியில வெள்ளைச் சுட்டி, அது தச்சன் வீட்டு ஆடு."

தேநீர் கொண்டுவந்த பெண்ணும் குனிந்தாள். "மூணு காதுவெட்டா? அது எங்க சின்ன மாமனார் வீட்டு அடையாளம். ஐயோ, அவங்க வீட்டுப் பாலாடையத்தான நேத்து தின்னேன்!"

குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை கண்டுபிடிப்பவர்களைப் போல மூவரும் குதூகலமாக இருந்தார்கள். மனிதனின் பெயரை மறந்தாலும் அவனுடைய குதிரையின் நிறத்தை மறவாத ஊரில், பெயரை அழித்துவிட்டுக் கொம்பை விட்டு வைத்திருந்தார் ஒமுர்சாக். அவர் பாய்ந்து தாளைப் பிடுங்குவதற்குள் முதல் பக்கம் முடிந்திருந்தது.

ஜூராகான் அசையவில்லை. பெய்ஷெனாலி என்பவர் மேரிமின் மாமனார். இத்தனை நாள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது ஒரு நொடியில் காதில் விழுந்துவிட்டது; ஆனால் மகிழ்ச்சி வரவில்லை. அவருடைய கைப்பையிலும் மை பூசிய ஒரு தாள் இருந்தது. 'வயது இருபத்திரண்டு, கணவர் ருஷ்யாவில், மாமனார் வீட்டில் வாசம், சென்ற ஆண்டு ஒரு கரு இழப்பு.' இதை இந்த அறையில் படித்தால் தேநீர் ஆறுவதற்குள் மேரிம் என்று மூன்று குரல்கள் கூவும். பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பட்டியல் எங்க டாக்டர்?" என்றார் சத்கின்பெக், பசி தீராதவரைப் போல.

"வீட்டுல மறந்துட்டேன்."

"பாத்தியா, இதுனாலதான் எந்த வேலையும் நடக்க மாட்டேங்குது!" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

நண்பகலுக்குள் செய்தி கடைவீதியைச் சுற்றிவந்து ஒமுர்சாக்கின் வாசலையே அடைந்தது. பெய்ஷெனாலி லாரி பிடித்துவிட்டாராம். இன்றைக்கே மந்தையோடும் வீட்டாரோடும் மலையேறப் போகிறாராம். ஒமுர்சாக் மருத்துவமனைக்கு ஓடி வந்தார்.

"வா, நேரா அவன் வீட்டுக்குப் போயிடலாம்!"

"போயி? ரெண்டு டாக்டருங்க சேர்ந்து அந்த ஒரே வாசல்ல இறங்குனா, மிச்சம் இருக்கறவங்களுக்கும் நாமளே தண்டோரா போட்ட மாதிரிதான்." ஜூராகான் மருத்துவமனை ஜீப்பின் முன்மூடியில் கையூன்றி நின்றார். "எனக்குப் பேரே வேணாம் பைக்கே. காலையில கேட்டத நான் கணக்குல எடுத்துக்கப் போறதில்ல. எந்தப் பள்ளத்தாக்குல உங்க நோய் அதிகம்? அது மட்டும் போதும். எந்தப் பள்ளத்தாக்குல என் பொண்ணுங்க அதிகம்னு நான் சொல்றேன்."

ஒமுர்சாக் தாடையைச் சொறிந்தார். "உலான் பள்ளத்தாக்குல மொத்தமே ரெண்டு வீடு. உலான்னு சொன்னா பேரச் சொன்ன மாதிரிதான்."

"அப்போ உலான, பக்கத்துல இருக்கற கோக்-சூவோட சேத்துடுவோம். ஆள் கொறஞ்ச இடத்தப் பெரிய இடத்தோட சேத்தே சொல்லுவோம். பட்டியல் உங்ககிட்டயே இருக்கட்டும், என்னோடது எங்கிட்ட. கொம்பும் வேணாம், வயசும் வேணாம். ஒரே நேரத்துல வாயத் திறப்போம். நீங்க மொதல்ல, நான் மொதல்லன்னு இன்னொரு கூட்டம் போட வேணாம்."

இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்: "கோக்-சூ."

இவ்வளவுதானா என்ற கோபம் ஜூராகானுக்கு உச்சி வரை ஏறியது. குளிர்காலத்திலேயே இந்த ஒரு சொல்லைப் பரிமாறியிருந்தால் எத்தனை தொட்டில்கள் நிறைந்திருக்கும் என்று கேட்கத் தோன்றியது. ஒமுர்சாக்கின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் வண்டியில் ஏறினார்.

கோக்-சூவில் ஒரு வீடும் விடாமல் எல்லா மந்தைக்கும் கண்ணில் தடுப்பு மருந்துச் சொட்டு. ஒரு வீடும் விடாமல் கருவுற்ற பெண்கள் எல்லாருக்கும் மருத்துவமனையில் இரத்தச் சோதனை. எல்லாருக்கும் ஒன்றே என்றால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள். ஏற்பாடு நன்று. தொல்லை என்னவென்றால், பெய்ஷெனாலியின் வீடு பள்ளத்தாக்கின் மேற்கோடியில் இருந்தது. கீழிருந்து வரிசையாகத்தான் ஏறிப் போக வேண்டும்.

ஒவ்வொரு வாசலிலும் ரொட்டித் தட்டை நீட்டினார்கள். ஒரு துண்டாவது பிய்த்து வாயில் போடாமல் திரும்பினால் அந்த வீட்டுக்கு அவமானம்.

"உக்காருங்க எஜே, தேநீர் கொதிக்குது" என்று இளம்பெண்கள் அக்காள் முறை வைத்துக் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"கொதிக்கட்டும்மா, பாலையும் அப்படியே கொதிக்க வை" என்று மென்றுகொண்டே ஓடினார் ஜூராகான். ஆறாவது வீட்டு வாசலில் நிமிர்ந்து பார்த்தார். மேலே பாதையில் புழுதி எழுவது தெரிந்தது.

"லாரி கெளம்பிடுச்சு போல. இப்பவாவது நேரா போலாம் தங்கச்சி" என்று கெஞ்சினார் ஒமுர்சாக்.

"இன்னும் நாலு வீடு இருக்கு."

"உன் பரபரப்பப் பாத்தா அங்க ஒரு பொண்ணு இருக்கா போல. அவ போயிட்டா?"

"எந்தப் பொண்ணு? உங்களுக்கு எந்தப் பொண்ணையும் தெரியாது" என்று சீறினார் ஜூராகான். சீறிக்கொண்டே அடுத்த வாசலுக்கு ஓடினார்.

கடைசி வாசலை அவர்கள் அடைந்தபோது லாரி வெளியே நின்றிருந்தது. கூடாரத்துக் கம்பளிச் சுருள்கள் ஏற்றியாயிற்று. அவற்றின்மேல் மேரிம் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தாள். பெய்ஷெனாலி குதிரையைவிட்டு இறங்காமலே பேசினார்.

"வாங்க வாங்க. என் ஆட்டப் பத்திக் கடைத்தெருவே பேசியாச்சு. இப்போ வீட்டுக்குள்ளயும் எட்டிப் பாக்க வந்தாச்சா?"

"சேதி கடைத்தெருவுக்குப் போனது என் தப்பு" என்றார் ஒமுர்சாக். "பேர அடிச்சேன், அடையாளத்த விட்டுட்டேன். திட்டணும்னா என்னத் திட்டு."

"திட்டுனா என் ஆட்டு வெல ஏறிடுமா? எல்லாரையும் விட்டுட்டு என் வாசல்ல மட்டும்..."

"உங்க வாசல் மட்டும்னு யாரு சொன்னா?" என்று ஜீப்பின் பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. கீழ்வீட்டுத் தச்சனின் மருமகள் தலையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தார்கள். "எங்க எல்லா ஆட்டுக்கும் கண்ணுல மருந்து விடறாங்க. எங்களையும் அள்ளிப் போட்டுட்டு வந்துட்டாங்க. மூச்சு விட எடமில்ல, சீக்கிரம் பேசி முடிங்க."

பெய்ஷெனாலி பள்ளத்தாக்கின் கீழே பார்த்தார். ஒமுர்சாக்கின் உதவியாளர்கள் ஒவ்வொரு பட்டியாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். மருந்து பட்ட ஆடுகள் தலையை உதறிக்கொண்டு கத்தின. நெடுநேரம் பார்த்தார். பிறகு ஜூராகானிடம் திரும்பினார்.

"நெசமாச் சொல்லுங்க டாக்டர். யாரு வீட்டு ஆட்டுல நோய்?"

"எனக்குத் தெரியாது. அது அவருக்குத்தான் தெரியும்."

"யாரு வீட்டுப் பொண்ணுக்கு நோய்?" என்று ஒமுர்சாக்கைக் கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? அது டாக்டருக்குத்தான் தெரியும்."

"அப்பறம் ரெண்டு பேரும் எந்த தைரியத்துல ஒரே வண்டியில வந்தீங்க?" என்றார் அவர். சலிப்புத்தான், ஆனால் சொல்லிக்கொண்டே குதிரையிலிருந்து இறங்கிவிட்டார். லாரிக்காரனை ஒருமுறையும் வானத்தை ஒருமுறையும் முறைத்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டார். "மருமகள எறக்கு. எல்லாப் பொண்ணுங்களும் போறாங்க, இவளும் போகட்டும். கம்பளியையும் எறக்குங்கடா. ஆட்டுக்கு மருந்து விட்டப்பறம் மல எங்க ஓடிடப்போகுது."

ஜீப் கீழிறங்கியபோது பின்னிருக்கையில் நான்கு பெண்களும் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து, யார் கால் யார்மேல் என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஓடையருகே மற்றவர்கள் தண்ணீர் குடிக்க இறங்கியதும், மேரிம் முன்னே குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"எஜே, போன வருஷத்து விஷயத்த எங்க வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"கால்நட டாக்டர்கிட்ட?"

"அவர்கிட்டயும் இல்ல."

"அப்போ எப்படி என்னைத் தேடி வந்தீங்க?"

"உன்னத் தேடி யாரு வந்தா? ஊரையே தேடி வந்தேன். தின்ன ரொட்டியில வயிறு கல்லா கெடக்கு" என்றார் ஜூராகான். பின்னால் கைநீட்டி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. அதிகமில்லை. "ஏறுங்கடி எல்லாரும்! மருந்து வேளை தப்பிடும்!" என்று ஓடைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.