குருவைத் தள்ளியவள்

துருப்பிடித்த மதகுப் பலகையைத் தூக்குவது போல ஒரு கிரீச் சத்தம், ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருக்காட்டுப்பள்ளி முழுவதும் கேட்டது. பஸ் ஸ்டாண்டு நாய்கள் எழுந்து நின்றன. வியாழன் கிரகம் நகர்ந்த சத்தம் அது. நகர்த்தியவள், தஞ்சாவூர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் மதிவதனி.

அவள் விரும்பிய தமிழ்மாறனின் தாயார் அம்சவல்லி, பெண்ணுக்குக் குரு பலம் இல்லை என்று கல்யாணத்தை நிறுத்தி வைத்திருந்தாள். குரு அடுத்த ராசிக்குப் போக வைகாசி ஆகிவிடும். "அதுவரைக்கும் என் பையனைக் கட்டிப்போட முடியுமா? தைக்குள்ள குரு வரலைன்னா நாத்தனார் மகளைப் பேசி முடிச்சிடுவேன்."

"அப்ப தைக்குள்ள வர வச்சுடறேங்க," என்றாள் மதிவதனி.

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

நானூறு வருஷத்துக்கு முன்பு முதல் தொலைநோக்கியைச் செய்தவர்களும் மூக்குக்கண்ணாடிக்காரர்கள்தான். குழாய் நீள நீளத்தான் அப்போதெல்லாம் உருவம் தெளியும். மதிவதனியும் நீளமான போர்வெல் பைப் ஒன்றின் ஒரு முனையில் பவர் குறைந்த லென்ஸையும் மறுமுனையில் கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் போடும் சோடாபுட்டிக் கண்ணாடியையும் மாட்டி, மொட்டைமாடித் தொட்டிமேல் சாய்த்து வைத்தாள். வியாழன் பைப்புக்குள் பட்டாணி அளவில், நாலு நிலாக்களோடு நின்றது. பக்கவாட்டில் ஓட்டை போட்டு, விரலை விட்டுக் கிழக்கே தள்ளினாள்.

அது மேற்கே போனது. குரு வக்ரமாகிவிட்டார் என்றார் ஜோசியர். "பாத்தியா, நீ வர்றேன்னதும் அவரே பின்வாங்கறாரு," என்று அம்சவல்லி சிரித்தாள்.

பைப்பைத் தென்னைமரத்தின் பக்கம் திருப்பியபோதுதான் மதிவதனிக்குத் தப்பு விளங்கியது. மரம் தலைகீழாக நின்றது. இடமும் வலமும் மாறியிருந்தன. அன்றிலிருந்து, கடை விட்டு வந்ததும் எதிர்ப்பக்கமாகத் தள்ளினாள். சேற்றில் புதைந்த டிராக்டரைத் தள்ளுவது போலிருந்தது. நகங்கள் உடைந்தன. மழை நாட்களில் குடை பிடித்துக்கொண்டு மேகம் விலகக் காத்திருந்தாள். நாலு நிலாக்களும் கன்றுக்குட்டிகளைப் போலப் பின்னாலேயே வந்தன. பஞ்சாங்கம் போடுகிறவர்கள் திருத்தச் சீட்டு அச்சடித்தார்கள். குருப்பெயர்ச்சிக் கூட்டத்துக்குச் சிறப்புப் பேருந்துகள் முன்கூட்டியே ஓடின. நெல் விலையில் மாற்றமில்லை.

தை பிறப்பதற்குள் குரு அடுத்த ராசியில் இருந்தார். ஜோசியர் ஒப்புக்கொண்டார். அம்சவல்லி மட்டும் நம்பாமல், தானே பார்க்க வேண்டுமென்று மாடியேறி வந்தாள். பைப்பில் வைத்த கண்ணை அவள் வெகுநேரம் எடுக்கவில்லை. விரலை ஓட்டையில் விட்டு லேசாகத் தொட்டும் பார்த்தாள்.

"அம்மாடி, எனக்கு மாப்பிள்ளை பாத்தப்ப இந்தப் பைப்பு கெடைச்சிருந்தா," என்றாள் கண்ணை எடுக்காமலே, "உன் மாமனார் வேற ஆளா இருந்திருப்பாரு."