மல்லாக்க நீந்தும் பூச்சி

மண்டபத்துக் கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் 2006 மே மாதம் நடந்த கோடை முகாமுக்கு இருபத்துநான்கு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் விலங்கியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு முடித்தவர்கள். பதினான்கு நாள் முகாம். முடிவில் இரண்டு பேருக்கு மட்டும், மூன்றாம் ஆண்டுப் புராஜெக்டை அந்தக் கூடத்திலேயே செய்ய இடம் உண்டு.

முதல் நாள் காலை ஒவ்வொருவராக எழுந்து பெயர், கல்லூரி, எதைப் பற்றி ஆராய விருப்பம் என்று இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். முத்தழகு அதற்கு ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள். பவளப்பாறைகளைப் பற்றியது. முகாமுக்கு முன்னால் அனுப்பியிருந்த சிறு புத்தகத்தில் இருந்து எடுத்தது. பத்து நாளாக மாட்டுக்கு வைக்கோல் போடும்போதும், உப்பூரில் பஸ் ஏறி ராமநாதபுரம் வழியாக மண்டபம் வந்து சேரும்வரையிலும் அதையே முணுமுணுத்தபடி இருந்தாள்.

அவள் பத்தாவது ஆள். ஒன்பதாவதாக எழுந்தவள் கீழக்கரையில் இருந்து வந்த சாலிஹா. அவள் தன் பெயரைச் சொல்லி முடித்துவிட்டு, அதே நாலு வாக்கியத்தையும் அதே வரிசையில் ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்து, முத்தழகு" என்றார் முகாமை நடத்திய விஞ்ஞானி டாக்டர் சண்முகவள்ளி.

முத்தழகு எழுந்தாள். வேறு வாக்கியம் எதுவும் கைவசம் இல்லை.

"மேடம், தமிழ்ல சொல்லலாமா?"

"சொல்லு."

"எம் பேரு முத்தழகு. உப்பூர் பக்கம். அய்யாவும் அம்மாவும் வயல் வேல பாக்குறாங்க. எங்க ஊருக் கண்மாய் மாசியில வத்திரும். அதுக்கப்பறம் எட்டு மாசம் வெடிச்சுப்போய்க் கெடக்கும். ஆடு மேயும், பயலுக கிரிக்கெட் ஆடுவாங்க. ஐப்பசியில மழ பேஞ்சு ஒரு வாரத்துல பாத்தா, தேங்குன தண்ணியில நகத்தளவுக்குப் பூச்சி நீஞ்சும். எறா மாதிரி இருக்கும். ஆனா மல்லாக்கத்தான் நீஞ்சும். ஒரு மாசத்துல காணாமப் போயிரும். அது எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியணும்."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. கடலுக்கு வந்து கண்மாயைப் பற்றிப் பேசுகிறாள் என்று சென்னைப் பையன் ஒருவன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

டாக்டர் சண்முகவள்ளி சிரிக்கவில்லை. "எங்கிருந்து வருதுன்னு நினைக்கிற?" என்று கேட்டார்.

"மண்ணுக்குள்ள முட்ட கெடக்கும்னு நெனைக்கிறேன் மேடம்."

"எட்டு மாசம் வெயில்ல காஞ்ச மண்ணுலயா? மழையில வந்திருக்கலாம். கொக்கு கால்ல ஒட்டி வந்திருக்கலாம். மண்ணுல இருந்துதான்னு எப்படிச் சொல்ற?"

"தெரியல மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு டால்பின் பற்றியும் கடல் குதிரை பற்றியும் பதினான்கு பேர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை.

தேநீர் இடைவேளையில் சாலிஹா அவளைத் தேடி வந்தாள். "நீயும் அந்தப் புஸ்தகத்தத்தான் மனப்பாடம் பண்ணியிருந்தியா?"

முத்தழகு தலையாட்டினாள்.

"அல்லாவே. நான் கெடுத்துட்டேனே." சாலிஹா கொஞ்சம் தயங்கினாள். "அந்தப் பூச்சி நெசமாவே மல்லாக்க நீஞ்சுமா?"

"நெசமாத்தான்."

"எனக்குப் பாக்கணும்."

காலையில் இருந்து அவளிடம் ஒருவர் நல்லபடியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சாப்பாட்டு நேரத்துக்குள் முத்தழகு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மண்ணில் இருந்து வருகிறதா, வெளியில் இருந்து வருகிறதா என்பதைத் தொட்டியில் வைத்துப் பார்த்துவிடலாம். ஒன்றில் கண்மாய் மண்ணும் தண்ணீரும். இன்னொன்றில் அதே மண்ணை அடுப்பில் நன்றாகச் சுட்டுவிட்டுத் தண்ணீர். மூன்றாவதில் வெறும் தண்ணீர். மூன்றையும் மெல்லிய துணியால் மூடிவிட்டால் கொக்கும் வராது, காற்றும் எதையும் கொண்டுவந்து போடாது.

டாக்டர் சண்முகவள்ளியிடம் போய்ச் சொன்னாள். அவர் ஆய்வகத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு மேசையைக் காட்டி, "மத்த வேலையெல்லாம் முடிச்சிட்டு இதப் பாத்துக்க. மண்ணுக்கு எங்க போவ?" என்றார்.

"எங்க அய்யாவ கொண்டாரச் சொல்றேன்."

ஊர்ப் பலசரக்குக் கடைக்குப் போன் போட்டாள். கடைக்காரர் ஆள் அனுப்பி அவள் அய்யா நாகநாதனைக் கூட்டிவரப் பத்து நிமிடம் ஆனது.

"மண்ணா?" என்றார் நாகநாதன்.

"ஆமாய்யா. கண்மாய் மண்ணு. மடைக்கிட்ட ஒரு பை, நடுவுல ஒரு பை, அப்பறம் மேற்கோரம், தண்ணி கடைசியா ஏறி முதல்ல வத்துமே, அங்கன ஒரு பை. மேல் மண்ணு மட்டும். கலந்துறாம கொண்டாங்க."

"எதுக்குத்தா?"

"அந்த மல்லாக்க நீஞ்சுற பூச்சி எங்கேருந்து வருதுன்னு பாக்க."

"நானும் ஏர் ஓட்டையில எத்தனையோ தடவ பாத்திருக்கேன். கேக்கத் தோணலயே" என்றார். "நாளைக்கு வாரேன்."

மறுநாள் மதியம் உரச்சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். காவலாளி சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மண்ணைக் கொண்டுவந்து கொடுப்பதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டாராம். உள்ளே மூன்று பாலிதீன் பைகள் இருந்தன. நாகநாதனுக்கு எழுத வராது. மடை மண்ணுக்கு ஒரு முடிச்சு, நடு மண்ணுக்கு ரெண்டு, ஓர மண்ணுக்கு மூணு என்று போட்டிருந்தார். மகளிடம் இரண்டு தடவை முடிச்சை எண்ணிக் காட்டிவிட்டு, கோடை உழவு இருக்கிறதென்று அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

சாலிஹாவும் முத்தழகுவும் ஒவ்வொரு மண்ணிலும் நூறு கிராம் நிறுத்துக் கண்ணாடித் தொட்டிகளில் போட்டார்கள். சுட்ட மண்ணுக்கும் வெறும் தண்ணீருக்கும் தனித் தொட்டி வைத்தார்கள். எல்லாவற்றிலும் குழாய்த் தண்ணீர் ஊற்றித் துணி கட்டினார்கள்.

ஒரு நாள் ஆனது. இரண்டு நாள் ஆனது. ஐந்தாவது நாளும் தண்ணீரில் அசைவே இல்லை. ஆய்வகத்துக்கு வந்துபோகிறவர்கள் அந்த மேசைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சென்னைப் பையன் அவளுக்குச் 'சேத்து மேடம்' என்று பெயர் வைத்துவிட்டான். அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்ட பெண்களும் இருந்தார்கள்.

"விட்டுறலாமா?" என்று கேட்டாள் முத்தழகு. மண்ணுக்காக இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சாப்பிடாமல்கூடத் திரும்பிப் போன அய்யாவின் முகம்தான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது.

சாலிஹா எழுந்தாள். குழாயடிக்குப் போய்க் கையை அலம்பியவள், ஈரக் கையை உதட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு முத்தழகுவைக் கூப்பிட்டாள். "இங்க வா. இதக் கொஞ்சம் நாக்குல வச்சுப் பாரு."

முத்தழகு வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. கடல் தண்ணீர் அளவுக்கு இல்லை, ஆனால் மழைத் தண்ணீரும் இல்லை. குடிப்பதற்கு எல்லாரும் கேன் தண்ணீரையே எடுத்ததால் குழாய்த் தண்ணீரை யாரும் வாயில் வைத்ததே கிடையாது.

"மழத்தண்ணின்னு நெனச்சாத்தானே முட்ட பொரியும்" என்றாள் முத்தழகு. "நாம உப்புத் தண்ணிய ஊத்தி ஏமாத்தியிருக்கோம்."

பைகளில் மண் மிச்சம் இருந்தது. வேதியியல் அறையில் கேட்டு, காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு கேன் வாங்கி வந்தார்கள். எல்லாத் தொட்டிகளையும் கழுவி முதலில் இருந்து தொடங்கினார்கள். முகாமில் ஏழு நாள் போயிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை சிற்றுண்டிக்கு முன்னால் முத்தழகு துணியை அவிழ்த்தாள். ஓர மண் கிடந்த தொட்டியில் வெள்ளையும் ஆரஞ்சுமாகப் புள்ளிகள் துடித்துத் துடித்து நகர்ந்தன. முதலில் தூசி என்றுதான் நினைத்தாள். தூசி எதிர்த்திசையில் போகாது. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். ஒற்றைக் கண், இரு பக்கமும் துடுப்புப் போட்டபடி கால்கள்.

"சாலிஹா" என்றாள். நுண்ணோக்கியை விட்டு விலகி இடம் கொடுத்தாள்.

சாலிஹா குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை. "உசிரோட இருக்கு" என்றாள். "முத்து, எல்லாம் உசிரோட இருக்கு."

சுட்ட மண் இருந்த தொட்டியில் ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீரிலும் இல்லை. இருவரும் சிற்றுண்டியை மறந்து எண்ண உட்கார்ந்தார்கள். ஓர மண்ணில் அறுபத்துமூன்று. நடு மண்ணில் இருபத்திரண்டு. மடை மண்ணில் நாலே நாலு. சந்தேகப்பட்டு இன்னொரு தடவை மண் நிறுத்துப் போட்டு, அடுத்த இரண்டு நாளில் எண்ணியபோதும் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே வந்தது.

பதின்மூன்றாம் நாள் எல்லாரும் தங்கள் வேலையை எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குள் முதல் தொட்டிக் குஞ்சுகள் அரை நகத்தளவு வளர்ந்து, வயிற்றுப் பக்கம் மேலே இருக்க, கால்களை அலையலையாக அசைத்துக்கொண்டு போய்வந்தன. முத்தழகு பெரிய தாளில் படம் வரைந்து மாட்டியிருந்தாள். மேலே அவள் பெயரும் சாலிஹா பெயரும். கீழே 'மண் சேகரித்தவர்: நாகநாதன்' என்று எழுதியிருந்தாள்.

அவள் தமிழில்தான் பேசினாள். இந்த முறை அனுமதி கேட்கவில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றி ஐந்து நாள் வீணாக்கியதையும் மறைக்காமல் சொன்னாள்.

டாக்டர் சண்முகவள்ளி எழுந்தார். "தண்ணி அதிக நாள் நிக்கிற இடம் மடைதான். அங்கதானே முட்டை நிறைய இருக்கணும். ஏன் குறையுது?"

முத்தழகு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அங்கன விரால் கெடக்கும் மேடம். கெளுத்தியும் கெடக்கும். பொரிஞ்சதத் தின்னுரும். ஓரத்துல தண்ணி கொஞ்ச நாள்தான் நிக்கும், மீனு அவ்வளவா ஏறாது. இது மீனு வர்றதுக்குள்ள வளந்து, முட்டய மண்ணுல போட்டுட்டுச் செத்துரும். தண்ணி வத்துறதுதான் மேடம் அதுக்குப் பாதுகாப்பு."

டாக்டர் சண்முகவள்ளி படத்தின் அருகே போய் அந்த மூன்று எண்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். "முட்டை காஞ்ச மண்ணுல கிடக்கும்ங்கறது புத்தகத்துல இருக்கு. ஆனா இந்தப் பக்கத்துக் கண்மாயில எந்த இடத்துல எவ்வளவு இருக்குன்னு யாரும் எண்ணினதா எனக்குத் தெரியல" என்றார். திரும்பி முத்தழகுவைப் பார்த்தார். "நீ எண்ணியிருக்க."

முதலில் கைதட்டியது யாரென்று தெரியவில்லை. பிறகு அறை முழுக்கத் தட்டியது. வெளியே வந்ததும் தொட்டியைப் பார்க்க வரிசை நின்றது. சென்னைப் பையனும் வரிசையில் நின்றான். தன் முறை வந்ததும் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "எனக்குக் கொஞ்சம் மண்ணு தருவியா? வீட்டுல போட்டுப் பாக்கணும்" என்றான். முத்தழகு ஒரு கைப்பிடி அள்ளிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

மாலையில் இரண்டு பெயர்களை வாசித்தார்கள். இரண்டும் அந்த ஜன்னல் ஓர மேசைக்காரர்களுடையவை.

"ஒரு கண்மாய் போதாது" என்றார் டாக்டர் சண்முகவள்ளி. "மழைக்கு முன்னால எத்தனை பாக்க முடியும்?"

முத்தழகு விரல் விட்டு எண்ணினாள். உப்பூரில் தொடங்கித் திருவாடானை வழியாக அபிராமம் வரை அவளுக்குத் தெரிந்த ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாலிஹா நோட்டைப் பிரித்து எழுதிக்கொண்டே வந்தாள். முப்பத்தொன்று வந்தது.

முப்பத்தொன்றையும் பார்த்தார்கள். ஜூனில் தொடங்கி, சனி ஞாயிறுகளில் டவுன் பஸ்ஸிலும், பஸ் போகாத ஊருக்கு நடந்தும் போய், ஐப்பசி மழை இறங்குவதற்கு நாலு நாள் இருக்கும்போது கடைசிக் கண்மாயின் மண்ணை அள்ளிவிட்டார்கள். இருபத்தேழில் முட்டை இருந்தது. அந்த இருபத்தேழிலும் ஓர மண்ணே முந்தியது. அடுத்த பிப்ரவரியில் மதுரையில் நடந்த கருத்தரங்கில் அதை வாசித்தபோது முத்தழகு முதல் பாதியைத் தமிழிலும், சாலிஹா மறுபாதியை ஆங்கிலத்திலும் சொன்னார்கள். அய்யா நாகநாதனும் அம்மா ராக்கும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.