பண்ணையார் குரல்

நோன்பு பன்னிரண்டாம் நாள் மாலை. கராச்சியில் ஒரு தொலைக்காட்சி அரங்கில் ஐந்நூறு பேர் உலர்ந்த வாயோடு பைக் வேண்டும், பைக் வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மேடையில் தங்கச் சாயம் பூசிய நாற்காலியில் பண்ணையார் வேஷத்தில் உட்கார்ந்திருந்தார் தௌகீர் மிர்சா.

நாற்பது வருடம் உருது நாடகங்களில் நடித்தவர். லக்னோ நவாப், கண் தெரியாத கவாலிப் பாடகர், லஞ்சம் வாங்கும் லாகூர் போலீஸ்காரர் என்று எந்த வேஷம் கொடுத்தாலும் அந்த ஆளாகவே மாறிவிடுவார். மீனவர் வேஷத்துக்காகக் கியமாரித் துறைமுகத்தில் இருபது நாள் வலை இழுத்து, நாற்றத்தோடு வீடு திரும்பியவரை மனைவி நஃபீசா குழாயடியைத் தாண்ட விடவில்லை. சிந்துப் பண்ணையாராக அவர் வந்த தொடர் ஓடிய இருபத்தாறு வாரமும், எட்டு மணி அடித்தால் கடைவீதியில் ஆள் இருக்காது. "என் மண்ணுல நின்னுக்கிட்டு என்னையே நிமிர்ந்து பாக்குறியாடா?" என்ற வசனத்தைக் கேட்டுக் குழந்தைகள் அம்மா மடியில் ஒளிந்துகொண்டன.

பிறகு தனியார் சேனல்கள் வந்தன. மாமியாரும் மருமகளும் சண்டை போடும் வீட்டில் சோபாவில் கிடந்து இருமி, மூன்றாம் வாரம் செத்துப்போகும் அப்பா வேஷம்தான் அவருக்குக் கிடைத்தது. அதுவும் நின்றபோது இந்த ரமலான் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். ஏழைகளுக்குப் பரிசு கொடுக்கிற புண்ணிய காரியம் என்றார்கள். நம்பிப் போனார்.

"பைக் வேணும்னா பண்ணையார் உத்தரவுக்கு அடங்கணும்!" என்று கூவினான் ஜோஹைப். நிகழ்ச்சியை நடத்துகிறவன், ஷெர்வானி முழுக்க ஜிகினா.

மேடைக்கு வந்த கிழவரைப் பார்த்ததும் மிர்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷப்பன் மியான். அந்தப் பண்ணையார் தொடரில் தினமும் அவருக்கு மீசை ஒட்டிவிட்ட ஒப்பனைக்காரர்.

விளம்பர இடைவேளை வந்தது. மிர்சா எழுந்தார். "ஜோஹைப், இவரை விட்டுடு. வண்டியைச் சும்மா குடு."

"சும்மா குடுத்தா யார் சார் பாப்பாங்க? ஒண்ணு அழ வைக்கணும், இல்ல சிரிக்க வைக்கணும்."

அதற்குள் ஷப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மிர்சா சாஹிப், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கெடுத்துடாதீங்க. பெருநாள் முடிஞ்சதும் பொண்ணு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல பைக் கேட்டிருக்காங்க. நீங்க அதட்டுங்க, நான் குனியறேன்."

விளக்குகள் எரிந்தன. மிர்சா வாயைத் திறந்து உத்தரவு போட்டார். குரல் பழைய மிடுக்கு குறையாமல் வந்தது. தொண்டை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. ஷப்பன் முட்டியை மடக்கி, தொடைக்கு அடியில் கைவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கும் பையனைப்போலக் குனிந்து சேவலாகக் கூவினார். தொப்பி கழன்று விழுந்தது. "இன்னும் சத்தமா!" என்றான் ஜோஹைப். மிர்சாவின் வாய் அதையும் பண்ணையார் குரலில் திருப்பிச் சொன்னது. அரங்கமே கைதட்டிச் சிரித்தது.

வண்டிச் சாவியோடு ஓடிவந்து கட்டிக்கொண்டார் ஷப்பன். "இன்னும் அதே குரல் சாஹிப்! உடம்பு சிலிர்த்துடுச்சு."

மாலைத் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. கேமராவுக்கு முன்னால் அடுக்கியிருந்த பேரீச்சம்பழத்தை மிர்சா தொடவில்லை. வெளியே போய் வாசல் காவலாளியின் குவளையில் தண்ணீர் வாங்கி நோன்பு திறந்தார். பிறகு திரும்பிப் போய், "நாளைலேர்ந்து வரமாட்டேன்" என்றார்.

ஜோஹைப் பக்கோடாவை மென்றபடியே தலையாட்டினான். "பரவாயில்ல சார். உங்க குரலை அப்படியே பேசுறவன் ஒருத்தன் கைவசம் இருக்கான்."

சொன்னபடியே மறுநாள் எவனோ ஒருவன் ஒட்டுமீசையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெண்ணை அதட்டிக்கொண்டிருந்தான். மிர்சா டிவியை அணைத்தார்.

"அதான் விட்டுட்டு வந்துட்டீங்களே, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் நஃபீசா.

"விட்டுட்டுத்தான் வந்தேன். ஆனா நல்லா நடிச்சுக் குடுத்துட்டில்ல வந்தேன்! சீ!"

ஷப்பன் மகள் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. நஃபீசாவை மட்டும் அனுப்பினார். அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. மாப்பிள்ளைக்குத்தான் வண்டி கலர் பிடிக்கலையாம்."