அஞ்சு வாரம் பாடாத பாட்டு

எனக்கு வாய் ஜாஸ்தி. டாக்டர் சீட்டு இல்லாம மாத்திரை கேட்டு என் மருந்துக்கடைக்கு வர்றவங்க, என்கிட்ட நாலு வாங்கிக் கட்டிக்காம வெளியே போனதில்ல. கோயில் பாடற்குழுவுலயும் அப்படித்தான். பதினோரு வருஷமா கீபோர்டு வாசிக்கிறதும் நான், எந்தப் பூசைக்கு எந்தப் பாட்டுன்னு பொறுக்குறதும் நான், லேட்டா வர்றவங்களைத் திட்டுறதும் நான். அப்பேர்ப்பட்ட வாய், உண்மை சொல்ல வேண்டிய ஒரே நாள்ல பொய் சொல்லிச்சு. அப்புறம் ஒரு மாசம் மூடிக்கிட்டு இருந்துச்சு.

ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவக்காலத்துக்கு ஃபாதர் ஒரு கட்டளை போட்டாரு. வழக்கமா அந்த நாற்பது நாளும் அல்லேலூயா கிடையாது, வாத்தியத்தைப் பாட்டுக்குத் துணையா மெதுவா வாசிச்சுக்கலாம். இவரு அதையும் கூடாதுன்னுட்டாரு, வெறும் தொண்டைதான். நான் விடுவேனா, சண்டைக்குப் போனேன். சுருதி குடுக்க ஒண்ணும் இல்லேன்னா எங்க குழு பாட்டை மாடியில ஆரம்பிச்சுப் பாதாளத்துல முடிக்கும்னு சொன்னேன். இறங்கட்டும்மா, தவக்காலம்தானேன்னு சிரிச்சுட்டாரு.

நான் கேக்கலை. தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன் சாயங்காலம், யாரும் வர்றதுக்கு முன்னாடி பாடற்குழு மாடிக்குப் போயி, டிராயர்ல சுத்தி வெச்சிருந்த ஒயரை எடுத்து மாட்டினேன். கீபோர்டை ஆன் பண்ணி, மேல துணியைப் பழையபடி மூடிட்டேன். துணிக்கடியில விரலை விட்டு ஒரே ஒரு சுரம், எங்களுக்கு மட்டும் கேக்குற மாதிரி குடுத்துக்கலாம்னு திட்டம்.

சனங்க வரிசையா வந்து நெத்தியில சாம்பல் பூசிக்கிறாங்க. முதல் பாட்டு முடிஞ்சு அடுத்ததை எடுக்கணும். கோயிலே மூச்சு விடாம இருக்கு. என் பாட்டு ஃபைல் சரிஞ்சு துணி மேல விழுந்துச்சு, சரியா ரிதம் பட்டன் மேல. அதுக்கு முந்தின சனிக்கிழமை ஒரு கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை வெளியே போறப்போ போட்ட குத்து அப்படியே மெஷினுக்குள்ள உக்காந்திருந்திருக்கு. டும்டும் டக்குடும்னு ஆரம்பிச்சிருச்சு. ஃபாதர் ஒரு தாத்தா நெத்தியில வெச்ச விரலை எடுக்காமலே மேல பார்த்தாரு. நான் துணிக்கடியில துழாவினதுல வேகமும் கூடிச்சு, சத்தமும் கூடிச்சு. யாரோ ஒருத்தர் சிரிச்சாங்க, அப்புறம் பாதிக் கோயில் சிரிச்சுது. ஒருவழியா ஒயரையே பிடிச்சு இழுக்கப் போனப்போ சரியான பட்டன் கைக்குச் சிக்கி நின்னுச்சு.

பூசை முடிஞ்சதும் ஃபாதர் மாடிக்கு வந்தாரு. பின்னாடியே சாம்பல் கிண்ணத்தோட சாவி அண்ணன். எங்க கோயில்பிள்ளை அவரு. திறக்கிறது, கூட்டுறது, மணி அடிக்கிறது, மெழுகுவத்தி ஏத்துறது எல்லாம் அவருதான். பத்தொன்பது வருஷமா எல்லாக் கதவோட சாவியும் ஒரே வளையத்துல அவரு இடுப்புலதான் தொங்கும். அதனாலதான் அந்தப் பேரு. இதை யாரு ஆன் பண்ணதுன்னு ஃபாதர் கேட்டாரு. குழு மொத்தமும் என்னைப் பார்த்துச்சு.

"சாவி அண்ணன் தூசி தட்டுறப்போ கை பட்டிருக்கும், ஃபாதர்."

யோசிச்சுக்கூடச் சொல்லலை. கடையில மீதிச் சில்லறை குடுக்கிற மாதிரி வந்துச்சு. சாவி அண்ணன் சுவத்துல மாட்டியிருந்த ஒயரைப் பார்த்தாரு. கல்யாணம் முடிஞ்சதும் அதைக் கழட்டி, சுத்தி, டிராயர்ல வெச்சவரே அவருதான். ஒயர் இல்லாத மெஷின்ல கை பட்டா என்ன, கால் பட்டா என்ன? அப்புறம் என்னைப் பார்த்தாரு.

வயசாயிடுச்சு, கவனம் போச்சுன்னு ஃபாதர் முணுமுணுத்தாரு. என் பக்கம் திரும்பி, இனி மாடிச் சாவி உங்ககிட்ட இருக்கட்டும்மான்னாரு. சாவி அண்ணன் வளையத்தைக் கையில எடுத்து அந்தச் சாவியைக் கழட்டப் பார்த்தாரு, வரலை. பத்தொன்பது வருஷமா கழட்டினதே இல்லையே. நகத்தால நெம்பினாரு, நகம் மடங்கிச்சு. கடைசியில நான்தான் என் கொண்டை ஊசியை உருவிக் குடுத்தேன். ஆமா, அதையும் நான்தான் குடுத்தேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்க. ரெண்டும் வாரா வாரம் அந்தப் படிக்கட்டுல சந்திச்சுக்கிட்டோம். சனிக்கிழமை நான் ஒத்திகைக்குப் போறப்போ அவரு விளக்குமாத்தோட கீழ்ப்படியில உக்காந்திருப்பாரு. "தங்கச்சி, மாடி திறக்கணும்"பாரு. ஒரு குத்தல் இருக்காது அந்தக் குரல்ல. இருந்திருந்தா நல்லா ஒரு சண்டை போட்டுட்டு நிம்மதியா இருந்திருப்பேன். அவரு கூட்டி முடிக்கிற வரைக்கும் நான் ஃபைலைப் புரட்டுற மாதிரி நடிப்பேன்.

அந்த ஃபைல்தான் என்னைக் கொன்னுச்சு. தவக்காலத்துக்குப் பாட்டுப் பொறுக்கணுமே! மத்தியானம் கடையில ஆள் வராத நேரம், பழைய பில் தாளுக்குப் பின்னாடி எழுதுவேன். தவக்காலப் பாட்டுல பாதிக்குப் பாதி, தப்பு என்னுதுதான்னு ஒத்துக்கிற பாட்டு. அதுல ஒண்ணு எங்க கோயில்ல வருஷா வருஷம் காணிக்கை நேரத்துக்குப் பாடுறது. மன்னிப்புப் பாட்டுன்னாலே எல்லாருக்கும் அதுதான். அதை எழுதுவேன், அடிப்பேன். திரும்ப எழுதுவேன், திரும்ப அடிப்பேன். அந்த முதல் வரியை மைக்குல பாடிக்கிட்டே, கீழ மெழுகுவத்தி பக்கத்துல நிக்கிற மனுஷனைப் பார்க்க முடியுமா என்னால? கடைசியில பாலைவனம், தாகம், ஒளி, பயணம்னு ஆள் யாரும் மாட்டிக்காத பாட்டா பொறுக்கிப் போட்டேன்.

எங்க குழுவுல கீழ்க்குரல் பாடுறவரு ஒரு பஸ் டிரைவர். ரெண்டாவது வாரமே தாளை வாங்கிப் பார்த்துட்டு, "என்னக்கா, இந்த வருஷம் யாருமே பாவம் பண்ணலையா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நான் பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அந்தப் பாட்டு இழுவை, வாத்தியம் இல்லாம நிக்காதுன்னு சொன்னேன். அது ரெண்டாவது பொய்.

மூணாவது வாரம் ஃபாதர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு. சாவி அண்ணனை ஈஸ்டரோட ஓய்வெடுக்கச் சொல்லலாம்னு, கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவையில பேச்சு வந்திருக்காம். அஞ்சாவது ஞாயிறு பூசைக்கப்புறம் கூடி முடிவு எடுக்கிறாங்களாம். நான் என்ன நினைக்கிறேன்னு கேட்டாரு. வெறும் "ம்"னு சொன்னேன். ஊருக்கே உபதேசம் பண்ற வாய்க்கு அன்னிக்குக் கிடைச்சது அந்த ஒரு எழுத்துதான்.

அந்த வெள்ளிக்கிழமை, ஃபாதர்கிட்ட தனியா பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்குற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தட்டிக்கு இந்தப் பக்கம் மண்டி போட்டு எல்லாத்தையும் கொட்டினேன், ஒயர், துணி, பொய், கொண்டை ஊசி வரைக்கும். அப்பாடா, இனி ஃபாதர் பார்த்துக்குவாரு, நாளைக்கே சாவியைத் திருப்பிக் கேப்பாருன்னு மனசு லேசாச்சு. தட்டிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஃபாதர் சொன்னாரு.

"இங்க கேட்டது இங்கயே செத்துரும்மா. இதை வெச்சு வெளியில ஒரு சாவியைக்கூட என்னால நகர்த்த முடியாது. அவரு நல்ல பேரை நீங்கதான் எடுத்தீங்க, நீங்கதான் திருப்பிக் குடுக்கணும்."

வெளியே வந்ததும் அவரு மேல எனக்கு அப்படி ஒரு கோவம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பாவசங்கீர்த்தனத்துல கேட்டதைச் சாமியார் வெளிய காட்டிக்கக் கூடாதுன்னு. எனக்குத் தெரியாதா? கடைக்கு நடந்து வர்ற வழியிலதான் உறைச்சுது. தெரிஞ்சுதான் அங்க போயிருக்கேன். சொன்ன மாதிரியும் இருக்கணும், யாருக்கும் தெரியவும் கூடாது. சீ, என்ன பொம்பளை நான்னு எனக்கே அருவருப்பா இருந்துச்சு. அப்படி இருந்தும் அடுத்த வாரமும் வாயைத் திறக்கலை. நாலாவது ஞாயித்துக்கும் பாலைவனமும் பயணமும்தான்.

அஞ்சாவது ஞாயிறு காலையில சாவி அண்ணன் கீழ்ப்படியில உக்காந்திருந்தாரு. விளக்குமாறு இல்லை. மடியில பழைய துணி, அது மேல சாவி வளையம். ஒவ்வொரு சாவியா எண்ணெய் தொட்டுத் துடைச்சுக்கிட்டிருந்தாரு. எதுக்குண்ணே இப்போன்னு கேட்டேன். அடுத்து வர்றவரு கைல அழுக்கா குடுக்கக் கூடாது, தங்கச்சின்னாரு.

அன்னிக்குப் பூசையில நான் என்ன பாடினேன்னு எனக்கே தெரியாது. முடியிற நேரம் ஃபாதர் அறிவிப்பு வாசிச்சாரு. பேரவை கூட்டம் பத்து மணிக்குன்னு அவரு சொன்னதும் நான் மாடியிலேர்ந்து இறங்கி நடுவழியா நடந்தேன். என்ன, பாட்டு அறிவிப்பான்னு நினைச்சு அவரு மைக்கை விட்டு நகர்ந்தாரு. சாம்பல் புதன் அன்னிக்கு கீபோர்டை ஆன் பண்ணது நான், சாவி அண்ணன் மேல பழி போட்டதும் நான், அவரு அதைத் தொடவே இல்லைன்னு சொன்னேன். மூணே வரி. ரொம்பக் கிட்ட போனதுல மைக்கு உறுமிச்சு. முதல் வரிசையில என்கிட்ட சர்க்கரை மாத்திரை வாங்குற அம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க. பஸ் டிரைவர் மாடியில தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ஃபாதர் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்துட்டு, பேரவையில இனி அதைப் பேச ஒண்ணும் இல்லைன்னு சொல்லி ஆசீர்வாதம் குடுத்தாரு.

நான் மெழுகுவத்தி பக்கம் பார்த்தேன். சாவி அண்ணன் அங்க இல்லை.

பின்னாடி, பூசை உடுப்பு மாட்டுற அறையில மெழுகுவத்தித் தண்டுல வழிஞ்ச மெழுகைக் கத்தியால சுரண்டிக்கிட்டு நின்னாரு. அந்த அறைக்கு ஒலிபெருக்கி கிடையாது. ஒரு வார்த்தை கேக்கலை அவருக்கு. ஊருக்கு முன்னாடி சொன்னதுகூடப் பரவாயில்லை, அந்த ஒத்தை மனுஷன் முன்னாடி முதல்லேர்ந்து சொல்ல வேண்டியிருந்துச்சே, அதுதான் பெரும்பாடு. சொன்னேன். மாடிச் சாவியை மேசை மேல வெச்சேன்.

"தெரியும், தங்கச்சி. ஒயரைப் பார்த்தப்பவே தெரியும்"னாரு.

அப்புறம் ஏன் சொல்லலைன்னு கேட்டேன். அவரு சாவியை வளையத்துல மாட்டிக்கிட்டே, நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்னாரு. அது நல்ல இறுக்கமான வளையம், கொஞ்சம் நேரம் பிடிச்சுது. மாட்டி முடிச்சுட்டு நிமிர்ந்து, கேக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிற மாதிரி நின்னாரு.

"அந்த மன்னிப்புப் பாட்டை இந்த வருஷம் ஏன் எடுக்கலை? வருஷத்துல எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். வீட்டுக்காரி சாகுறதுக்கு முன்னாடி, போன வருஷம், கடைசியா அதைத்தான் பாடிச்சு. ஒவ்வொரு ஞாயிறும் இன்னிக்கு வரும், இன்னிக்கு வரும்னு பார்த்தேன்."

என் வெக்கத்தை மறைக்க நான் அடிச்ச பாட்டு அது. சாவியை எடுத்தது தெரியும், பேரை எடுத்தது தெரியும். இதை எடுத்தது எனக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த வாரம் குருத்து ஞாயிறு, அதுக்கு வேற பாட்டுதானே, அப்போ இது இனி அடுத்த வருஷம்தானேன்னு அவரே கேட்டாரு.

"ஆமாண்ணே"ன்னேன்.

சரின்னுட்டு அவரு மறுபடி மெழுகைச் சுரண்ட ஆரம்பிச்சாரு.